புளிக்காக மலை இறங்கியவர்

சென்னியப்பன் மலைமேல் சமைத்த முதல் சாப்பாட்டில் பருப்பு வேகவில்லை.

முப்பது வருடம் கல்யாணச் சமையல் செய்தவர் அவர். ஆயிரம் இலைப் பந்தியை வேர்க்காமல் முடிப்பார். சாம்பாரில் குறை சொல்லவே பெண் எடுக்கிற சம்பந்திகள்கூட அவர் பந்தியில் வாயைத் திறந்ததில்லை, சாப்பிடுவதற்குத் தவிர. அப்பேர்ப்பட்டவர் சாரல்மேட்டுக் குடிலில் மூன்று மணி நேரம் விறகை எரித்தும் துவரம்பருப்பு கல்லாகவே கிடந்தது. உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு பத்தாது என்பது அவருக்குத் தெரியவில்லை. கொதிக்கிறதே, கொதிக்கிறதே என்று கிண்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது பூங்கோதை. மாதம் ஒருமுறை, சனி ஞாயிறில், பன்னிரண்டு பேரைக் காட்டுவழியாக அந்தக் குடிலுக்கு நடத்திப் போய், பந்தி போட்டுச் சோறு போட்டு இறக்கிக் கொண்டுவருகிறவர். சென்னியப்பனைவிடப் பதினைந்து வயது சின்னவர். பருப்பை விடியும் முன்பே ஊறப்போட்டு, ஈரத்துணியில் கட்டிச் சுமந்து வரவேண்டும்; பானை மூடிமேல் கல் ஏற்றி வேகவைக்க வேண்டும்; பருப்பு மசிகிற வரைக்கும் உப்பையும் புளியையும் கண்ணில் காட்டக்கூடாது. அடுப்பைப் பார்த்தபடியே பூங்கோதை சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் மலை இறங்கியதும் சென்னியப்பன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பூங்கோதையின் காலில் விழுந்தார்.

"அம்மணி, இனி நீங்கதான் எனக்கு குரு. எத்தன வருசமானாலும் சரி."

"எந்திரிச்சு நேரா நில்லுங்ண்ணா. முதுகு புடிச்சுக்கப் போவுது," என்றார் பூங்கோதை.

இரண்டு வருடம் ஓடியது. பூங்கோதையிடம் ஒரு வழக்கம் உண்டு. கூலிக்குச் சுமையாள் வைப்பதில்லை. நடக்க வருகிற ஒவ்வொருவர் முதுகிலும் பந்திக்கு வேண்டிய ஒரு பொருள் ஏறும். ஒருவர் தேங்காய், ஒருவர் வெல்லம், ஒருவர் அப்பளம். சுமையைப் பிரிக்க இது நல்ல யோசனை என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். அதற்குமேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஐப்பசியில் ஒருநாள் மனதில் இருந்ததைக் கேட்டே விட்டார்.

"அம்மணி, கார்த்திகைக் குழுவ நான் தனியாக் கூட்டிட்டுப் போறனுங்க."

பூங்கோதை கொஞ்சம் யோசித்தார்.

"இந்த மாசம் எல்லாம் உங்க பொறுப்பு. நடத்துறது, சமைக்கறது, பரிமாறுறது, எல்லாம். நான் கூட வருவேன், வாயத் தொறக்க மாட்டேன். பந்தி முடிஞ்சப்புறம் சொல்றனுங்க."

சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பந்தி என்றால் அவரிடமா?

பதினான்கு பண்டம் எழுதினார். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், அவியல், இரண்டு பொரியல், பாசிப்பருப்புப் பாயசம் என்று போனது பட்டியல். மறுநாள் காலைக்குப் புளியோதரை வேறு. மலையடிவாரத்தில் தராசைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தார். திடகாத்திரமான பையன்களுக்கு அரிசியும் தேங்காயும். கடைசியில் நின்றவர் கமலவேணி டீச்சர். அறுபத்திரண்டு வயது, பணி ஓய்வு பெற்றவர், முட்டிவலிக்காரர். அவர் கையில் புளிப் பொட்டலத்தை வைத்தார்.

"இவ்வளவுதானா?" டீச்சர் முகம் கொஞ்சம் வாடியது.

"அது இல்லாட்டி பந்தியே இல்லீங்க டீச்சர்," என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார் சென்னியப்பன்.

டீச்சர் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தை மஞ்சப்பையில் சுற்றி, பையின் அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பாதி மலையில் ஒரு கொட்டகை இருக்கிறது. காவலாளி ரங்கனும் அவர் மனைவியும் அங்கே குடியிருக்கிறார்கள். அந்த இடம் வந்ததும் டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அரை மணி நேரம் குடுங்க. ஏறிடுவேன்."

சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி என்பார்கள், முக்கால் ஆகும். பருப்பு ஊறி முடிந்திருந்தது. அதற்குமேல் விட்டால் புளித்துப்போகும்.

"எதுக்குங்க சிரமம்? ரங்கன் வீட்டுல சொகமா இருங்க. நாளைக்கு எறங்கறப்பக் கூட்டிக்கறோம்."

"இதுக்காக ஆறு மாசமா எங்க அபார்ட்மென்ட் மாடிப்படிய ஏறி எறங்கிப் பழகியிருக்கேன் தம்பி."

"மல எங்கீங்க ஓடிப்போவுது? அடுத்த தடவ பாத்துக்கலாம்."

டீச்சர் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பின்னால் வந்துகொண்டிருந்த பூங்கோதை வாயைத் திறந்தார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

குடிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் சென்னியப்பன் ஆளே மாறிப்போனார். நாலு அடுப்பையும் ஒரே நேரத்தில் மூட்டினார். தேங்காய் துருவ இருவர், காய் நறுக்க மூவர் என்று ஆளுக்கொரு வேலை. பருப்பு ஒரு மணி நேரத்தில் வெண்ணெயாக மசிந்தது. அதைக் கரண்டியில் எடுத்துப் பூங்கோதைக்குக் காட்டிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகுதான் கையை நீட்டி, "புளி," என்றார்.

யாரும் அசையவில்லை.

"ஏப்பா, புளி ஆரு கொண்டாந்தது?"

அப்பளம் சுமந்து வந்த பெண் மெதுவாகச் சொன்னாள். "டீச்சருங்க அங்கிள்."

சென்னியப்பன் விரல்விட்டு எண்ணினார். சாம்பாருக்குப் புளி, ரசத்துக்குப் புளி, வத்தக்குழம்புக்குப் புளி. நாளைக்குப் புளியோதரை. எடை பார்த்துப் பார்த்துப் பிரித்த மனுஷன், மொத்தப் பந்தியையும் ஒரே பையில் போட்டு அதைப் பாதி மலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"தக்காளி இருக்கு, எலுமிச்சை இருக்கு. ஒப்பேத்திடலாமே?" என்றான் ஒரு பையன்.

"எலுமிச்சம்பழத்துல வத்தக்குழம்பா? அந்தக் கண்றாவிய நானு ஒரு நாளும் செய்யமாட்டேன்!"

துண்டை உதறித் தலையில் கட்டினார். "அடுப்பத் தணிச்சு வெய்யுங்க. ரெண்டு மணி நேரத்துல வந்துர்றேன்."

வெளியே விறகெடுக்கப் போயிருந்த பூங்கோதை குடில் வாசலில் எதிர்ப்பட்டார்.

"எங்கீங்ண்ணா?"

"கொட்டகைக்குப் போயிட்டு வந்துர்றனுங்க."

பூங்கோதையின் முகம் மலர்ந்தது. இரண்டு வருடத்தில் அவ்வளவு நிறைவான முகத்தை சென்னியப்பன் பார்த்ததில்லை.

"நல்லதுங்ண்ணா. நிதானமா வாங்க. அடுப்ப நான் பாத்துக்கறேன்."

வாயே திறக்க மாட்டேன் என்றவர் அடுப்பையே ஏற்றுக்கொள்கிறாரே! சென்னியப்பனுக்குக் காலில் சக்கரம் கட்டியதுபோல ஆனது. ஐம்பத்தெட்டு வயது என்று யாரும் சொல்ல முடியாது. வேரிலும் பாறையிலும் தாவித் தாவி இறங்கினார். முக்கால் மணியில் கொட்டகை தெரிந்தது.

கமலவேணி டீச்சர் வெளியே ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். ஷூ மாட்டி நாடா கட்டியிருந்தது. பை தோளில் இருந்தது, கையில் ஊன்றுகோல். சென்னியப்பனைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வந்துட்டீங்களா! ரங்கன் சம்சாரம் எண்ணெய் தேச்சு விட்டுச்சு. இப்ப வலியே இல்ல, பாருங்க." காலை மடக்கி நீட்டிக் காட்டினார்.

"உக்காருங்க டீச்சர், எந்திரிக்காதீங்க," என்றார் சென்னியப்பன் மூச்சு வாங்கியபடி. "புளிக்குத்தான் வந்தேன்."

டீச்சர் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு பையைக் கழற்றி, அடியில் கைவிட்டு, மஞ்சப்பையை எடுத்து நீட்டினார்.

"நனையாம வெச்சிருந்தேன்."

"ரொம்ப சந்தோசமுங்க!"

"போங்க, போங்க. எல்லாரும் பசியோட இருப்பாங்க."

திரும்பி ஏறத் தொடங்கியவர் பின்னால் பார்க்கவில்லை. பார்க்க நேரம் ஏது? வழி நெடுக அவருக்குள் ஒரே பெருமிதம். ஒரு பொட்டலம் புளிக்காக ஒரு மலையை இறங்கி ஏறுகிற சமையல்காரன் இந்தக் கொங்கு நாட்டில் வேறு யார் இருக்கிறார்? குருவின் மலர்ந்த முகம் கண்முன்னால் நின்றது. கார்த்திகைக் குழு தன்னுடையதுதான் என்று முடிவே செய்துவிட்டார்.

குடிலில் நுழைந்தால் அடுப்போரம் ஒரு சட்டியில் வெந்நீர் தயாராக இருந்தது. பக்கத்தில் மடித்த துணி ஒன்று. அடடா, என்ன முன்யோசனை! குருவை மனசுக்குள் மெச்சிக்கொண்டு புளியை அதில் போட்டுக் கரைத்தார். துணியால் சட்டியைப் பிடித்துக்கொண்டார்.

பூங்கோதை வாசலுக்குப் போய், ஏறி வந்த வழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மூன்றரை மணிக்கு இலை விழுந்தது. அந்தப் பந்தியைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் பாவம். வத்தக்குழம்பில் எண்ணெய் மேலே மிதந்து மினுங்கியது. ரசம் மணத்தது. காலையிலிருந்து நடந்த களைப்பெல்லாம் பாயசத்தில் கரைந்தது. பேசத் தெரிந்த பதினொரு பேர் அரை மணி நேரம் பேச்சை மறந்து சாப்பிட்டார்கள். ஒருவன் இலையை வழித்து நக்கினான். அரிசி சுமந்தவன் மூன்றாவது முறை சோறு கேட்டபோது, சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பூங்கோதை மட்டும் உட்காரவில்லை. எல்லாவற்றிலும் ஒரு துளி உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். பிறகு ஓரமாகப் போய் ஒரு தூக்குப் பாத்திரத்தைக் கழுவினார். அடுக்கடுக்காகச் சோறு, குழம்பு, அவியல், பாயசம் என்று எடுத்து வைக்கத் தொடங்கினார்.

சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

"எப்படீங்க அம்மணி?"

"இந்த மலையில இப்படி ஒரு வத்தக்குழம்பு ஒருநாளும் அமைஞ்சதில்லீங்ண்ணா. என்னாலயும் முடிஞ்சதில்ல."

சென்னியப்பன் நெஞ்சு நிமிர்ந்தது. "அப்போ கார்த்திகைக்கு?"

"கார்த்திகைக்கும் என்கூடவே வாங்க."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது முகம் சுண்டிப்போனது.

"எதுலீங்க கொற? உப்புலயா? ஒறப்புலயா?"

"சமையல்ல ஒரு கொறையும் இல்லீங்."

"பொறவு என்னதானுங்க? இந்த வயசுல, அந்தத் துளிப் புளிக்காவ, ரெண்டு மணி நேரம் எறங்கி ஏறியிருக்கறனுங்க. வேற எவனாச்சும் செய்வானுங்களா?"

"செய்ய மாட்டாங்க."

பூங்கோதை கடைசி அடுக்கை மூடினார். "நீங்க எறங்கிப் போனப்ப நான் அடுப்புல வெந்நீர் வெச்சேன். எதுக்குன்னு தெரியுங்களா?"

"புளி கரைக்க..."

"டீச்சர் வருவாங்கன்னு வெச்சேன். முட்டிக்கு ஒத்தடம் குடுக்க."

சென்னியப்பன் பதில் சொல்ல வாயெடுத்தார். ஷூ நாடா கட்டி எழுந்து நின்ற டீச்சர் கண்முன்னால் வந்தார்.

பூங்கோதை செருப்பை மாட்டிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். கீழே போகிற வழியில் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"புளி வேணும்னு எறங்குனீங்க. டீச்சர் வேணும்னு எறங்கியிருந்தா, புளி அவங்க தோள்லயே ஏறி வந்திருக்குமுங்ண்ணா."