கட்டி வைக்கத் தெரிந்த குரங்கு

காமாயி தன் அப்பனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அவன் காட்டுக்குப் புறப்பட்ட அன்றைக்கு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைக்கும் பித்தளைக் கரண்டகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆட்டுக்குட்டியைக் கட்டிப் போடு, அவரைப் பந்தலைத் தின்னுரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். வரவே இல்லை.

எந்த ஊரில் என்கிறீர்களா? மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர், நடுவில் பகலிலேயே இருட்டிக் கிடக்கிற ஒரு காடு. அதில் இந்தப் பக்கத்து ஊரில். அங்கே மழை பொய்த்து, விதைக்கக்கூடத் தினை இல்லாமல் போய், அந்தப் பக்கத்து ஊரில் விதை வாங்கிவர அப்பன் ஒச்சு கிளம்பினான். வழி தெரிந்தவன் சுமைக்காரன் சடையாண்டி ஒருத்தன்தான், அவனும் கூடப் போனான். போனது இரண்டு பேர், வந்தது சடையாண்டி மட்டும்.

"குரங்கு விதை மூட்டையைப் பறிச்சுட்டு ஓடுச்சு தாயி. ஒங்கப்பன் விரட்டிக்கிட்டுப் போயி பள்ளத்துல விழுந்துட்டாரு" என்று மூக்கைச் சிந்தினான். ஊரும் அழுதது. அந்த வருஷம் முழுக்கக் கிழங்கைத் தோண்டித் தின்றது.

அடுத்த வருஷம் மேகம் கூடியது. இப்போதும் விதை இல்லையென்றால் ஊரையே காலி செய்ய வேண்டியதுதான். "நான் போறேன்" என்றாள் காமாயி. வழி காட்ட யார்? அதே சடையாண்டி.

போனார்கள், விதை வாங்கினார்கள். ஒரு துணியில் இரண்டு படி விதைத்தினை. வழிக்குத் தின்ன, தேனில் பிசைந்த தினைமாவு இன்னொரு துணியில். உப்பும் வெல்லமும் ஒரு பையில். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முதல் உருண்டையைக் குரங்குக்கு வைத்துவிட வேண்டும். காமாயி வைத்தாள். குரங்குகள் தின்றுவிட்டு, மரத்துக்கு மரம் தாவிக் கூடவே வந்தன. ம் கொட்டுங்கள், தூங்கிவிடாதீர்கள்.

முதல் ஓடை வந்தது. காமாயி சாமான்களைச் சடையாண்டி பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தாள். பையில் உப்பைக் காணோம்.

"குரங்கு தாயி" என்றான் சடையாண்டி.

இரண்டாவது ஓடை வந்தது. முகம் கழுவிவிட்டு வந்தாள். வெல்லத்தைக் காணோம்.

"குரங்கு தாயி. பொல்லாத குரங்கு. மூட்டைய இங்கிட்டு வச்சு அங்கிட்டுத் திரும்ப முடியல."

காமாயி பையைப் பார்த்தாள். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் கட்டியதைவிட நன்றாகவே. குரங்கு கிழிக்கும், அவிழ்க்கும், கொட்டும். திருப்பிக் கட்டியா வைக்கும்? சுமைக்காரன் கைக்குத்தான் அந்தப் பழக்கம். வழியில் சுமை பிரிந்துவிடக் கூடாதென்று சின்ன வயதிலிருந்து கட்டிக் கட்டி, திருடும்போதுகூட அந்தக் கை கட்டாமல் விடவில்லை.

இரண்டு சாமான் போனால் மூன்றாவதையும் நம்புவாள் என்று பார்க்கிறானோ? அப்பனுக்கும் இப்படித்தானோ? நடுக்காட்டில் கேட்க முடியுமா? அவன் முன்னால் போனால் அவன் கையைப் பார்த்தாள். பின்னால் வந்தால் அவன் காலடியைக் கேட்டாள்.

மூன்றாவது ஓடைக்கு முன்னால், "முள்ளுக் குத்திருச்சு, நீ முன்னால போண்ணே" என்று ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். விதையை மடியில் கொட்டி இறுக்கிச் செருகிக்கொண்டாள். விதைத் துணியில் மாவை வைத்துக் கட்டினாள். ஓடைக்கரையில் அந்த மூட்டையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனாள்.

திரும்பி வந்தால் மூட்டை இல்லை. சடையாண்டி கம்பளியை முதுகோடு சேர்த்துப் போர்த்தியிருந்தான், அந்த வெயிலில்.

"அண்ணே, விதை எங்கே?"

"குரங்கு தாயி! கிழட்டுக் குரங்கு!"

"எந்தப் பக்கம் போச்சு?"

"அந்தா, பள்ளத்துப் பக்கம். ஒங்கப்பன் போன பக்கந்தான். வா, போயிப் பாப்போம்." சடையாண்டி பள்ளத்து விளிம்பில் போய் நின்று கூப்பிட்டான்.

காமாயி அசையவில்லை. மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. பிறகு நாலு. பிறகு நாற்பது. எல்லாம் தேன் வாசத்தை மோந்து மோந்து அவனை வளைத்துக்கொண்டன. ஒன்று கம்பளியை இழுத்தது, ஒன்று தலைமயிரைப் பிடித்தது, ஒன்று தோளில் ஏறி உட்கார்ந்தது.

"ஐயோ தாயி, குரங்கு! நெசமாவே குரங்கு! கம்ப எடுத்து வெரட்டு!"

"அதுகதான் மூட்டையத் தூக்கிட்டுப் போயிருச்சே அண்ணே. இன்னும் ஒங்கிட்ட என்னத்தத் தேடுது?"

கம்பளி கிழிந்தது. மாவு சிதறியது. ஒரு குட்டிக் குரங்கு அவன் இடுப்பில் கைவிட்டு, பளபளவென்று ஒன்றை உருவி, கடித்துப் பார்த்து, தின்ன முடியாதென்று தெரிந்ததும் வீசியது. அது உருண்டுவந்து காமாயியின் காலடியில் நின்றது. அப்பனின் சுண்ணாம்புக் கரண்டகம்.

"பள்ளத்துல விழுந்தவர் இடுப்புல இருந்தது ஒன் இடுப்புக்கு எப்படி வந்துச்சு?"

சடையாண்டி கரண்டகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பஞ்சத்தில் விதையை ஒளித்து விற்க அடிவாரத்தில் ஆள் பிடித்து வைத்திருந்தவன் அவன்தான். குரங்குகளை உதறிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தான், இன்னோர் அடி வைத்தான், மூன்றாவது அடிக்கு மண் இல்லை. ஒச்சு போன பள்ளத்துக்கே அவனும் போனான்.

காமாயி மிச்ச வழியைக் குரங்குகள் போன தடம் பார்த்து நடந்து ஊர் சேர்ந்தாள். மழையும் வந்தது. விதைத்தார்கள், அறுத்தார்கள், முதல் உருண்டையைக் காட்டோரம் வைத்தார்கள். அவர்கள் வயிறு நிறைந்தது, என் கதையும் முடிந்தது.

கரண்டகம் காமாயி வீட்டு மாடத்தில் இருக்கிறது. உள்ளே சுண்ணாம்பு காய்ந்து கல்லாகிவிட்டது.