பிரமாணப் பத்திரத்தில் ஒரு மாடிப்படி

"வக்கீலம்மா, இதுல முத்திரை போட்டுக் குடுங்க. அந்த ஆள் மானம் போகணும்."

மேஜையில் ஒரு கத்தைக் காகிதம் விழுந்தது. இன்னாசி மேஸ்திரி அதைப் பிரமாணப் பத்திரம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு புது வீட்டுக்கு மாடிப்படி கட்டியவர் அவர். கூலி பாக்கி. வீட்டுக்காரர் நாளை வீட்டை விற்கிறார். கைமாறிவிட்டால் கூலி போனது போனதுதான்.

நோட்டரி தில்லைநாயகிக்கு மேஸ்திரியின் மகள் வயதுதான் இருக்கும். பேனாவைத் திறந்துகொண்டு படித்தார்.

"'இவர் பிறவி அயோக்கியர்.' பிறந்தப்ப பக்கத்துல இருந்தீங்களா மேஸ்திரி?"

"அதெப்படிம்மா..."

தில்லைநாயகி அந்த வரியை அடித்தார்.

"'ஊரே இவரைக் காறித் துப்புகிறது.'"

"நெசந்தாங்க. ஊருக்கே தெரியும்."

"ஊர் வந்து கையெழுத்துப் போடுமா?"

அதையும் அடித்தார்.

"'தரக்கூடாது என்று முதல் நாளே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.'"

மேஸ்திரி தானே பேனாவை வாங்கி அடித்தார்.

கத்தை முழுக்க அடித்தாயிற்று. மிஞ்சியது: 'மாடிப்படி கட்டினேன். கூலி வரவில்லை.'

"இவ்வளவுதானா?" மேஸ்திரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா! தூணே இல்லாம வளைஞ்சு ஏறுதும்மா! நிக்காதுன்னு இன்ஜினியரே சொன்னார். முட்டுக் குடுத்த பலகையப் பிரிச்ச அன்னிக்கு மேல ஏறி நின்னு குதிச்சேன்!"

"அதை எழுதுங்க."

எழுதினார். எழுத எழுத முகம் மலர்ந்தது. வீட்டுக்காரரைச் சுத்தமாக மறந்துபோனார். சத்தியம் செய்யச் சொன்னபோது அவர் போட்ட சத்தம் தெரு வரை கேட்டது. நோட்டரி சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் மேஸ்திரியும் தில்லைநாயகியும் ஆட்சேபனை மனுவோடு பிரமாணப் பத்திரத்தையும் கொடுத்தார்கள். சார்பதிவாளர் அதை உரக்கப் படித்தார்.

வீடு வாங்க வந்தவர் துள்ளி எழுந்தார்.

"அந்தப் படிக்கட்டு நீங்க கட்டினதா? அதைப் பார்த்துத்தானே இந்த வீட்டையே வாங்குறேன்!"

வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "முதல்ல இவர் கூலி. அப்புறம்தான் என் கையெழுத்து."

வீட்டுக்காரர் முனகிக்கொண்டே பணத்தை எண்ணி வைத்தார். மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாங்குகிறவர் அவர் காதருகே குனிந்தார். "உண்மையச் சொல்லுங்க. இந்த ஆளை நம்பலாமா?"

மேஸ்திரி ஆவலோடு வாயைத் திறந்தார்.

எதிரே தில்லைநாயகி பேனா மூடியைக் கழற்றினார்.

"எனக்குப் படிக்கட்டுதாங்க தெரியும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார் மேஸ்திரி. "அதை நம்பி ஏறலாம்."