எத்திராஜ் இறங்கக் கற்றது

நெல் மூட்டை சுமந்தே ஐம்பதைத் தாண்டிய எத்திராஜுக்கு ஓர் இரும்புக் கம்பி தண்ணி காட்டியது.

மே தினத்தன்று ஊரின் இரண்டு நெல் குடோன் சுமைகாரர்களுக்கும் இடையே கம்பியில் தொங்கி எழும்பும் போட்டி. முகவாய் கம்பிக்கு மேலே வர வேண்டும். "வரலைன்னா மீசையை எடுத்துடறேன்" என்று டீக்கடையில் எல்லார் முன்பும் சொல்லித் தொலைத்துவிட்டார். உடம்போ பாதி தூரத்திலேயே நின்றது. அங்கிருந்து பொத்தென்று குதித்துவிடுவார்.

கடைசியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ரெஜினாவிடம் போனார். அவளுக்கு அவர் மகள் வயது.

"மாஸ்டரம்மா, மேலே போக ஒரு வழி சொல்லு."

ரெஜினா கம்பிக்கடியில் முக்காலியைப் போட்டாள். "ஏறி முகவாயை மேல வெச்சுக்குங்கண்ணே. காலை எடுத்துட்டு மெதுவா இறங்குங்க."

"இறங்கவா? அதுக்கு எதுக்கும்மா மாஸ்டர்? நாங்க எந்த மூட்டையையும் இறக்கி வெச்சதில்ல. எறிஞ்சுதான் பழக்கம்."

"தெரியுது. உங்களையும் அப்படித்தான் எறியுறீங்க."

அவளே கம்பியில் எழும்பினாள். மெல்ல இறங்கிக்கொண்டே, "என் புஜத்தைத் தொட்டுப் பாருங்க" என்றாள்.

எத்திராஜ் தயங்கி ஒரு விரலால் தொட்டார்.

"தளர்ந்திருக்கா?"

"கல்லு மாதிரில்ல இருக்கு!"

"ஏறும்போது சதை சுருங்கி இழுக்குது. இறங்கும்போது நீண்டுகிட்டே இழுத்துப் பிடிக்குது. ரெண்டும் வேலைதான்."

"அப்போ அதுக்கும் ஒரு சங்கம் வேணும்."

"இருக்கே. நாளைக்குக் கை வலிக்கும் பாருங்க, அதுதான் ஸ்ட்ரைக் நோட்டீஸ். அன்னிக்கு லீவு விட்டுடணும்."

எத்திராஜ் இறங்கினார். முதலில் மூட்டை போல விழுந்தார். நாள் போகப் போகக் கிணற்றில் விடும் வாளி போல நிதானமாக வந்தார். குடோன் ஆட்கள் கேலியை விடவில்லை. "என்னண்ணே, இறங்குற போட்டிக்கா பேரு குடுத்திருக்கே?"

மே தினம் வந்தது. கொடி, மேளம், மோர்ப் பந்தல். சவரக்கடை ஏகாம்பரம் நுரையும் கையுமாகத் தயாராக நின்றார்.

எத்திராஜ் தொங்கினார். முழங்கை மடிந்தது. பாதி தூரம் வந்தது. அங்கே நிற்கவில்லை. அத்தனை முறை இறங்கி வந்த வழி அவருக்குத் தெரிந்த வழியாக இருந்தது. முகவாய் கம்பிக்கு மேலே!

மேளம் பிய்த்துக்கொண்டது. ஏகாம்பரம் நுரையைத் தன் முகத்திலேயே பூசிக்கொண்டு ஆடினார்.

எத்திராஜ் மேலேயே நின்றார். வாயெல்லாம் பல்.

"மாஸ்டரம்மா, இன்னும் கொஞ்சம் இருக்கேனே! இங்கேருந்து பார்த்தா எல்லார் தலையும் கீழே தெரியுது!"

ரெஜினா அண்ணாந்து சிரித்தாள்.

"மேலே போனவங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்கண்ணே. நீங்க இறங்குங்க. மெதுவா."