கவிழ்ந்த கப்பலில் தட்டும் வழக்கம்

"அவ கேக்கிறதை எப்பிடி நிப்பாட்டுறது, ரீச்சர்?"

படகில் இருந்தபடி காலில் துடுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டே சவிரிமுத்து கேட்டார்.

ஆரணி அவருக்கு மகள் வயது. வட நோர்வேயின் ஒரு குடாவில், தண்ணீருக்கடியில் சுழியோடக் கற்றுக்கொடுப்பவள். மீன் ஆலையில் வேலை பார்க்கும் சவிரிமுத்து, முதலில் பகிடிக்குத்தான் அவளை ரீச்சர் என்று கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

"ஆர் கேக்கிறது, அங்கிள்?"

"என்ர மனிசி. முல்லைத்தீவில இருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுப்பா. 'அமலனைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?' அந்த ஒரு கேள்விதான்."

அமலன் அவர்களுடைய ஒரே மகன். இலங்கைப் போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவன் திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று அவர் மனைவி பிலோமினா ஊரைவிட்டு அசையவில்லை.

"நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. கேக்காத ஆள் இல்லை. இப்ப போனை எடுக்கிறதே இல்லை."

"அப்ப சுழியோட வந்தது?"

"தண்ணிக்குக் கீழ போன் அடிக்காது, பிள்ளை."

கேள்விக்குப் பயந்து மலை ஏறியவர்கள் உண்டு. இவர் கடலில் இறங்கியிருந்தார்.

ஆரணி சிரிக்கவில்லை. "வாங்கோ" என்று பின்பக்கமாகத் தண்ணீருக்குள் விழுந்தாள்.

குளிர் முகத்தில் அறைந்தது.

அதிக ஆழமில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் கவிழ்ந்த கப்பல், அடிப்பக்கம் மேலாகப் பாசி பிடித்துக் கிடந்தது.

ஆரணி கத்தியின் பிடியால் அந்த இரும்பில் மூன்று தரம் தட்டினாள். அங்கே சுழியோடுபவர்கள் எல்லாரும் உள்ளே நுழையுமுன் அப்படித் தட்டிவிட்டுச் சற்று நிற்பார்கள். சவிரிமுத்துவும் தட்டியிருக்கிறார். கோயில் வாசலில் சிலுவை போடுவது மாதிரி, ஏன் என்று கேட்டதில்லை.

இன்றைக்கு அவள் உள்ளே போகவில்லை. தட்டினாள். காத்து நின்றாள். திரும்பவும் தட்டினாள்.

சிலிண்டரில் காற்று குறைந்ததும், மேலே போவோம் என்று கை காட்டினாள்.

படகில் ஏறியதும் சவிரிமுத்துவுக்குக் கோபம் வந்தது.

"ஆருக்குத் தட்டினீங்கள்? உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையே!"

"இப்ப இல்லை."

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"கப்பல் கவிண்டபோது முதல்ல அடிப்பக்கம் தண்ணிக்கு வெளியில தெரிஞ்சதாம். பிறகுதான் முழுக்கத் தாண்டது. உள்ளுக்கு அம்பிட்டது ஜெர்மன் பெடியள். அவங்கள் உள்ளுக்கு இருந்து தட்டினவங்கள். கரைச் சனம் வள்ளத்தில வந்து பக்கத்தில நிண்டு கேட்டது."

"வெட்டி எடுக்கேலாதோ?"

"அந்த இரும்பை வெட்ட இங்க ஒரு சாமானும் இருக்கேல்லை."

"பிறகு?"

"அதைக் கேட்டுக்கொண்டு நிக்க ஏலாம எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டினம். சன்னலைச் சாத்திச்சினம். பிறகும் கனநேரம் கேட்டதாம்."

சவிரிமுத்து கப்பல் கிடந்த பக்கம் பார்த்தார்.

"நிண்டிருந்தாலும் அவங்கள் செத்துத்தானே போயிருப்பாங்கள்?"

"ஓம்."

"அப்ப அந்தச் சனத்தால என்னதான் செய்திருக்க ஏலும்? சொல்லுங்கோ!"

ஆரணி கத்தியைத் திருப்பிப் பிடித்து, படகின் விளிம்பில் பதில் போல மூன்று தரம் தட்டினாள்.

அவர் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

ஈரக் கையோடு எடுத்தார்.

அவர் எடுப்பார் என்று பிலோமினா நினைத்திருக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"அமலனைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?"

"இல்லையப்பா. ஒண்டும் தெரியேல்லை."

அவள் அழத் தொடங்கினாள். இந்த அழுகைக்குப் பயந்துதான் அவர் கடலுக்குள் போனது.

"இனியும் தெரியவராது போலதான் கிடக்கு" என்றார்.

அழுகை கூடியது.

"போனை வைச்சிடாதையும்" என்றார் சவிரிமுத்து. "நான் நிக்கிறன்."