ஆறு நாய்க்குட்டிகளுக்கு ஊசி போட்ட கதை

ஆலங்குறிச்சி வாழைத்தார் மண்டியில் லாரியிலிருந்து தார் இறக்குகிற மூன்று பேருக்கு ஒரு பெருமை உண்டு. யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். மூவரில் மூத்தவர் மாசிலாமணி. யோசிப்பது அவர் பொறுப்பு. அவர் யோசித்து முடிக்கும்வரை உத்திராபதியும் தங்கையனும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மண்டியைச் சுற்றி வந்த செவலை நாய், ஆடிக் கடைசியில் வாழைச் சருகுக்குள் ஆறு குட்டி போட்டது. கடைசிக் குட்டி பெருச்சாளி அளவுகூட இல்லை. மாசிலாமணிக்கு அதன்மேல் உயிர்.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து ஊரில் ஒரு வெறிநாய் இரண்டு ஆடுகளைக் கடித்துவிட்டது. மண்டி முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "மூணு மாசம் ஆனதும் குட்டிகளுக்குத் தடுப்பூசி போட்டுடணும். இல்லேன்னா ஒண்ணுகூட இங்க இருக்கக்கூடாது."

அன்று மதியம் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. மூவரும் சாக்கு விரித்து ஆலோசனைக்கு உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, தடுப்பூசி எதைத் தடுக்கும்?" என்று ஆரம்பித்தான் தங்கையன்.

"எது வந்தாலும் தடுக்கும்."

"பால் வந்தா?"

மாசிலாமணிக்குத் திக்கென்றது.

"தூக்கம் வந்தா?" என்றான் உத்திராபதி. "கொஞ்சுறதுக்கு நாம வந்தா?"

மாசிலாமணி யோசிக்க, மற்ற இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மாசிலாமணியின் முகம் தெளிந்தது. "அடேய், தடுக்கிறது ஊசிதானே? குத்தின ஊசியை டாக்டர் உருவி எடுத்துக்குவார்ல? அப்புறம் எது தடுக்கும்?"

மற்ற இருவரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஊசி போடுவது என்று முடிவாயிற்று.

"மூணு மாசம்னா தொண்ணூறு நாள். குட்டி பொறந்து எத்தனை நாள்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"பதினஞ்சு."

"மொத்தம் எத்தனை குட்டி?"

"ஆறு."

மாசிலாமணி விரல்விட்டு எண்ணினார். துள்ளி எழுந்தார். "தொண்ணூறு! இன்னிக்கே போட்டாகணும்டா, கிளம்புங்க!"

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். குட்டிகள் அரைக்கண் திறந்து அவரைப் பார்த்தன.

"இதுங்களுக்கா மூணு மாசம்?"

"எல்லாத்துக்கும் சேர்த்துங்கம்மா" என்றார் மாசிலாமணி.

டாக்டரம்மா சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேர்த்து இல்லைய்யா. தனித்தனியா மூணு மாசம் ஆகணும். அப்புறம் கொண்டு வாங்க. வரும்போது கடிக்காம பிடிச்சுக்கங்க."

தனித்தனியாக என்று சொல்லிவிட்டாரே! மண்டிக்குத் திரும்பியதும் ஆறு கூடை வாங்கி, கூடைக்கு ஒரு குட்டியாக வைத்தார்கள். கூடைக்குக் கூடை ஏறி இறங்கிப் பால் கொடுத்தே செவலை பாதியாக இளைத்துவிட்டது.

எழுபத்தைந்து நாள் கழித்து மூவரும் ஆளுக்கு இரண்டு குட்டிகளை அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மூன்று பேர் வாயிலும் இறுக்கிக் கட்டிய துண்டு.

"வாயை எதுக்குய்யா கட்டியிருக்கீங்க?"

மாசிலாமணி துண்டை லேசாகத் தளர்த்தினார். "கடிக்காம பிடிச்சுக்கச் சொன்னீங்களே அம்மா. நாங்க கடிக்கிற ஆளுங்க இல்லதான். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு."

உள்ளே ஒரு மாட்டுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அதனால் வாசலில் புங்கமரத்தடி பெஞ்சில் வைத்தே டாக்டரம்மா ஊசி போட்டார். கடைசிக் குட்டியின் முறை வந்தபோது அது கத்தவில்லை, மாசிலாமணிதான் கத்தினார்.

"முடிஞ்சுது" என்று கை கழுவினார் டாக்டரம்மா. "ஊசி போட்ட இடத்துல மூணு நாளைக்குத் தண்ணி படாம பாத்துக்கங்க." சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

மாசிலாமணி பெஞ்சைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஐப்பசி மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்த டாக்டரம்மா, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டார். பெஞ்சுக்கு மேலே லாரித் தார்ப்பாய். அதன் ஒரு முனையைப் புங்கமரத்தில் கட்டிவிட்டு, மற்ற மூன்று முனைகளையும் மூன்று பேர் உயர்த்திப் பிடித்தபடி மழையில் நின்றார்கள். பெஞ்சு காய்ந்து கிடந்தது. வெளியே சேற்றில் ஆறு குட்டிகளும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. சின்னக் குட்டி முனகியபடி தார்ப்பாய்க்குள் நுழையப் பார்த்தது. மாசிலாமணி அதைக் காலால் மெதுவாக வெளியே நகர்த்தினார். அவர் கண்ணில் நீர் முட்டியது.

"வராதடா ராசா. ஈரத்தோட உள்ள வந்தா உனக்குத்தான் ஆபத்து."

"அய்யோ, குட்டிங்க தொப்பலா நனையுதேய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார் டாக்டரம்மா.

"பாவந்தாங்கம்மா, ரெண்டு நாள் பொறுத்துக்கட்டும்" என்றார் மாசிலாமணி. "இடத்துல ஒரு சொட்டு விழல. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க குடை சொட்டுது."