யானை நாளில் பிறந்த முள்ளம்பன்றி

மிருகங்களும் பறவைகளும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு நாள் என்றால் அது ஒருவருக்குத்தான் சொந்தம். காட்டின் நடுவே ஒரு பெரிய பாறை இருந்தது. வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் அதில் ஒவ்வொரு கட்டம் கீறியிருந்தார்கள். கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அன்றைக்கு அவருடைய விசேஷம் மட்டும்தான். வேறு யாரும் அன்று பிறக்கக் கூடாது, பேர் சொல்லும்படி ஒரு காரியமும் செய்யக் கூடாது. பாறைக்குக் காவல் கணியர் என்கிற பல்லி.

ஆரம்பத்தில் மிருகங்கள் கொஞ்சம், நாட்கள் தாராளம். கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். குரங்கு தேன்கூட்டைக் கலைத்துக் கொட்டு வாங்கியதற்கு ஒரு நாள். நரி ஆற்றங்கரையில் வழுக்கி விழுந்ததற்கு ஒரு நாள். ஆள் செத்தாலும் பெயரை அழிக்கும் வழக்கம் இல்லை. இப்படியே போய், ஒரு வருஷம் பாறை நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் பிறக்க வழியில்லை.

அந்த வருஷம் பார்த்துத்தான் முள்ளி என்ற முள்ளம்பன்றி நிறைமாதமாக இருந்தாள்.

முள்ளி லேசுப்பட்டவள் இல்லை. சின்ன வயதிலேயே தாயை இழந்து, தானே கிழங்கு தோண்டி, அதைக் காட்டுச் சந்தையில் மாற்றிப் பிழைத்தவள். நாலு இடத்தில் ஏமாந்து ஐந்தாவது இடத்தில் ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு அடக்கத் தெரியாது. முதுகு முள்ளெல்லாம் எழுந்து கிலுகிலுவென்று சத்தம் போடும்.

அன்று காலையில் அவளுக்கு வலி கண்டது. புருஷன் சடையன் பின்னால் ஓடிவர, நேரே பாறைக்கு வந்தாள்.

"இடம் இல்ல. ச்சு, ச்சு," என்றார் கணியர்.

"நல்லாப் பாருங்க கணியரே."

"முந்நூத்து அறுபத்தஞ்சும் பாத்தாச்சு. அந்தா, புள்ளிமான் மூணு வாரமா மரத்தடியில வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கு. அதுக்கே வழி சொல்ல முடியல."

"மானுக்குக் குட்டி உள்ள இருந்தா பாரம். எனக்கு உள்ள இருந்தா சாவு," என்றாள் முள்ளி.

அவள் சொன்னது உண்மை. முள்ளம்பன்றிக் குட்டிக்குப் பிறக்கும்போது முள் பஞ்சாக இருக்கும். நேரம் தவறினால் வயிற்றுக்குள்ளேயே இறுகிவிடும். பொழுது சாய்வதற்குள் பிறக்காவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"நரி வழுக்கி விழுந்ததுக்கு ஒரு முழு நாளு. என் புள்ளைக்கு நிக்க இடம் இல்லையா? எந்த மகராசன் போட்ட கணக்கு இது?" முள் கிலுகிலுத்தது.

"கோபப்படாத முள்ளி," என்றான் சடையன் மெதுவாக. "வயித்துல இருக்கிறது பயந்துரும்."

"நீங்க சும்மா இருங்க. போய் நிழலாப் பாத்து ஒரு இடத்தைக் கூட்டி வைங்க."

"நாளே கிடைக்கலையே, இடம் எதுக்கு?"

"கூட்டி வைங்கன்னேன்."

அவன் போனான். முள்ளி கணியரிடம் திரும்பி, "இன்னிக்கு யாரு நாளு?" என்றாள்.

"கொம்பனார் நாளு."

கொம்பனார் கிழட்டு யானை. மலையில் அடைத்துக் கிடந்த பாறையைத் தலையால் முட்டித் தள்ளி, காட்டுக்கு ஆற்றைக் கொண்டுவந்தவர். அந்த நாள்தான் இன்று. கணியரின் பாறைக்கு எதிரே, ஆற்றங்கரையில், நெற்றியில் செம்மண் பூசிக்கொண்டு, வாழ்த்த வருபவர்களுக்காகக் காத்து நின்றார். தண்ணீர் குடிக்க வந்த கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, உங்க நாள்ல என் புள்ளைக்குக் கொஞ்சம் இடம் வேணும்," என்றாள் முள்ளி, எல்லார் காதிலும் விழும்படி.

தண்ணீர் குடித்த தலைகள் நிமிர்ந்தன. கொம்பனார் தும்பிக்கையை உயர்த்தினார். "என் நாளு என் நாளுதான். நாளைக்குப் பங்கு கேப்பே, நாளன்னைக்கு ஆத்தைக் கொண்டாந்ததே உன் புள்ளதான்னு சொல்லுவே. போ, தாயி."

முள்ளிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நாக்கு நுனிவரை ஒரு சொல் வந்தது. அதற்குள் வலி ஒருமுறை சுண்டி இழுக்க, சொல்லை விழுங்கினாள். விழுங்கிய பிறகுதான் தன் பிசகு புரிந்தது. நாலு பேர் முன்னால் கேட்டால் பெரிய ஆள் எப்படி இறங்கி வருவான்? சந்தையில் முதல் வருஷம் கற்ற பாடம் அது.

அந்தக் காட்டுச் சந்தையில் பேரத்தை வெளியே பேசமாட்டார்கள். கொடுப்பவன் கையும் வாங்குபவன் கையும் ஓர் இலைக்கடியில் இருக்கும். விரலைத் தொட்டுத்தான் விலை. யார் இறங்கினான், யார் ஏறினான் என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, காதைக் கொஞ்சம் தாழ்த்துங்க. சந்தை முறையில பேசுவோம்."

கொம்பனார் யோசித்தார். மறுத்தால் பேரத்துக்குப் பயந்தவர் என்பார்கள். முன்னங்காலை மடித்துத் தலையைத் தாழ்த்தினார். சேப்பங்கிழங்கு இலை மாதிரி அந்தப் பெரிய காது அவளை மூடியது. தும்பிக்கை நுனியும் உள்ளே வந்தது.

"போன வருஷம் உங்க நாளுக்கு எத்தனை பேரு வந்தாங்க?" என்றாள் முள்ளி, தணிந்த குரலில்.

தும்பிக்கை நுனி அவள் கையை மூன்று முறை தொட்டது.

"அதுல உங்க வீட்டு ஆளுங்க?"

தும்பிக்கை நுனி சுருண்டு விலகியது. பிறகு மறுபடி மூன்று முறை தொட்டது.

முள்ளியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அண்ணாச்சி, இப்ப இருக்கிற முயலெல்லாம் ஆறு எப்பவும் இங்கதான் ஓடுச்சுன்னு நினைக்குது. உங்களுக்கு நாளு இருக்கு, சொல்ல ஆளு இல்ல. என் புள்ளைகிட்ட நாலு பேரு 'எப்பப் பிறந்தே'ன்னு கேப்பாங்க. 'கொம்பனார் ஆத்தைக் கொண்டாந்த நாள்ல'ன்னு அது சொல்லும். கேக்கிறவன் சும்மா விடுவானா? 'அதென்ன கதை'ம்பான். அது செத்தா அதோட புள்ள சொல்லும்."

தும்பிக்கை நுனி அவள் கைக்கு இன்னும் பக்கத்தில் வந்தது.

ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. "முப்பது நாழிகை குடுங்க," என்றாள் முள்ளி. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஒன்று வேண்டுமானால் முப்பதில் ஆரம்பிக்க வேண்டும்.

தும்பிக்கை ஒரே ஒரு முறை தொட்டது.

"பத்து."

மறுபடி ஒன்று. அப்போது வலி வந்தது. இதற்கு முன் வந்ததெல்லாம் வலியே இல்லை என்பதுபோல் வந்தது. அவள் கை தும்பிக்கையை இறுகப் பற்றிக்கொண்டது. வாயைத் திறக்க முடியவில்லை.

"பேரம் போதும் தாயி," என்றார் கொம்பனார், காதுக்குள் மட்டும் கேட்கும்படி. "எடுத்துக்க. எழுந்திரு."

காதைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், கூட்டத்தைப் பார்த்து முழக்கினார். "இந்தப் பொண்ணு கேக்கவே இல்ல. நானாத்தான் ஒரு நாழிகை குடுத்தேன்."

"ஆமா," என்றாள் முள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு. "கேக்கவே இல்ல."

கணியர் பாறையில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார். "கட்டம் முழுக்க அவரு பேருதான் இருக்கு. உன் புள்ள பேரை நான் எங்க எழுதுவேன்?"

முள்ளி முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். தட்டுத்தடுமாறிப் பாறையில் சாய்ந்து, கொம்பனார் பெயருக்குக் கீழே கிறீச்சென்று ஒரு கோடு கிழித்தாள். "மேல அவரு. கீழ என் புள்ள. அவ்வளவுதான் வேலை. இதுக்கா இத்தனை நாளு யோசிச்சீங்க?"

கணியர் கோட்டைப் பார்த்தார். இத்தனை வருஷம் பாறையிலேயே ஒட்டிக் கிடந்தும் அவருக்கு இது தோன்றவில்லை. "ச்சு, ச்சு," என்றார். இந்த முறை அது சம்மதம்.

சடையன் கூட்டி வைத்த நிழல் அங்கே தயாராக இருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும்போதே குட்டி பிறந்துவிட்டது. சடையன் பயந்து பயந்து அதன் முதுகைத் தொட்டான். பிறகு உள்ளங்கையால் தடவினான்.

"பஞ்சு, முள்ளி. பஞ்சாத்தான் இருக்கு."

முள்ளி குட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் முதுகு முள்ளெல்லாம் தணிந்து படிந்து கிடந்தது. அவள் அப்படிப் படுத்திருந்து சடையன் பார்த்ததே இல்லை.

இதைப் பார்த்த புள்ளிமான் எழுந்து, நொண்டி நொண்டி நரியிடம் போனது. மறுநாள் நரியின் நாள்.

"வா, தாராளமா வா," என்றது நரி. "ஆனா நான் வழுக்கி விழுந்ததை உன் குட்டி வருஷா வருஷம் சொல்லணும்."

"சொல்லச் சொல்றேன்."

"பாய்ஞ்சு விழுந்ததா சொன்னா இன்னும் நல்லது."

அடுத்த வருஷம் கொம்பனார் நாளுக்கு ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம். குட்டியின் பிறந்தநாளுக்கு வந்தவர்களே பாதிப் பேர். குட்டி நடுவில் நின்று, கொம்பனார் பாறையை முட்டிய கதையைச் சொன்னது. ஒரு பாறையை ஏழு பாறை ஆக்கிச் சொன்னது. கொம்பனார் காதை விசிறிக்கொண்டு கேட்டாரே தவிர, திருத்தவில்லை.

அதன் பிறகு பாறையில் கோட்டுக்குக் கீழே கோடு விழுந்துகொண்டே இருந்தது; பிறக்க நாளில்லை என்று யாரும் திரும்பிப் போகவில்லை. ஊருக்கு ஆறு வந்த நாளிலேயே ஒரு வீட்டில் பிள்ளை பிறப்பதும், "இன்றைக்கு இன்னது நடந்த நாள்" என்று ஒருவர் சொன்னால், "அட, எனக்கும் இன்றைக்குத்தான் பிறந்தநாள்" என்று இன்னொருவர் சேர்ந்துகொள்வதும், முள்ளி கோடு கிழித்த அன்றிலிருந்துதான்.