இளநீலம்

“மேடம், தங்கச்சிக்கு இன்னைக்கே சொல்லிரட்டுமா?”

கேட்டவர் மாசிலாமணி. முப்பது வருஷம் சித்த வைத்தியம் பார்த்துவிட்டு, ஐம்பத்தாறு வயதில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ஹமீதாவுக்கு நாற்பத்தொன்று. எத்தனை முறை உட்காரச் சொன்னாலும் அவர் முன்னால் மாசிலாமணி நின்றுகொண்டுதான் பேசுவார்.

“என்னன்னு சொல்லப் போறீங்க, அண்ணாச்சி?”

“ஆபரேஷன் வேண்டாம்னுதான். வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. நம்ம மருந்துதான் நல்லா கேக்குதே.”

தங்கைக்கு மார்பில் புற்றுநோய். ‘அண்ணன் கையில மருந்து இருக்கும்போது கத்தி என்னத்துக்கு?’ என்று அவள் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்க அண்ணனுக்கு உள்ளூர இனித்தது. யாருக்குத்தான் இனிக்காது?

மருந்து என்பது ஓடைக்கரையில் படரும் ஒரு கொடி. முழங்கால் வீக்கத்துக்கு அவர் காலங்காலமாக அரைத்துப் போட்டது. இப்போது ஆய்வகத்தில் அதன் சாற்றைப் புற்றுச் செல்கள்மேல் விட்டு, நீலச் சாயம் கலந்து, நுண்ணோக்கியில் எண்ணுகிறார். செத்த செல் நீலமாகிவிடும். உயிருள்ளது வெள்ளையாகவே இருக்கும்.

கொடிச்சாறு பட்டதில் நூற்றுக்கு நாற்பது செத்திருந்தன. சாற்றைக் கரைக்கும் திரவத்தை மட்டும் விட்டதில் பத்துகூட இல்லை. மூன்று நாளாக மாசிலாமணிக்குத் தரையில் கால் பாவவில்லை.

“இன்னொரு தடவை எண்ணுங்க” என்றார் ஹமீதா. “நேத்து நானே ரெண்டு குப்பியில செல் தயார் பண்ணி வச்சிருக்கேன்.”

ஒரு குப்பியில் ‘கொடி’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. மற்றதில் ‘திரவம்’.

மாசிலாமணி அவசரப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினார்.

“கொடியில முப்பத்தொம்பது. திரவத்துல வெறும் ஒம்பது. பாத்தீங்களா, மேடம்!”

ஹமீதா இரண்டு சீட்டுகளையும் உரித்தெடுத்தார்.

“ரெண்டுலயும் திரவம்தான் விட்டேன். கொடி எதுலயுமே இல்ல.”

மாசிலாமணியின் முகம் சுண்டிப்போனது.

“நான் பொய் சொல்லல, மேடம்.”

“தெரியும். இளநீலமா இருந்ததையெல்லாம் எதுல சேத்தீங்க?”

மாசிலாமணி மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

வெள்ளையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் மங்கலாகச் சில செல்கள் கிடந்தன. இந்தக் குப்பியில் முப்பது. அந்தக் குப்பியிலும் ஏறக்குறைய அவ்வளவே. ‘கொடி’ என்று ஒட்டியதில் அவற்றைச் செத்தவையாக எண்ணியிருந்தார். ‘திரவம்’ என்று ஒட்டியதில் அவற்றையே உயிரோடு விட்டிருந்தார்.

“என்னைய ஏன் மேடம் இப்படி ஏமாத்தினீங்க?”

“எங்க வாப்பாவுக்கு ஈரல்ல புத்துநோய் வந்தப்ப நானும் இப்படித்தான் எண்ணினேன், அண்ணாச்சி. சீட்டை உரிச்சுக் காட்ட எனக்கு ஆள் இல்ல.”

மாசிலாமணி முதல்முறையாக ஹமீதாவின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அப்போ என் கொடி பொய்யா?”

“தெரியாது. அதை இன்னும் யாரும் சீட்டைப் பாக்காம எண்ணலையே.”

மேஜைமேல் கைபேசி அதிர்ந்தது. தங்கைதான்.

“அண்ணே, என்னாச்சு? உன் மருந்து கேட்டுச்சா? ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லிரவா?”

அவர் இரண்டு குப்பிகளையும் பார்த்தார். சீட்டு இல்லாமல் எது எதுவென்று தெரியவில்லை.

“ஏளா, வியாழக்கிழமை நானும் கூட வாரேன். வெறும் வயித்தோடதான வரச் சொன்னாங்க?”